காட்டுக்கருணை பூத்த சனிக்கிழமை

மரக்காணத்தில் என் கை பட்டால் உப்பு விளையும். வேறு எதுவும் விளையாது. இதை நான் பெருமையாகவும் சொல்லவில்லை, மூக்கைச் சிந்தியும் சொல்லவில்லை. தெருவே சொல்வதைத்தான் சொல்கிறேன். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து நான் நட்டுச் சாகடித்த செடிகளையெல்லாம் கல்லறைத் தோட்டத்தில் புதைத்திருந்தால், பங்குச் சாமியார் அதற்கென்று தனியாக ஒரு பூசை வைத்திருப்பார். ரோஜா போயிற்று, செம்பருத்தி போயிற்று, கத்திரி போயிற்று. நட்டுவிட்டுத் திரும்பிப் பார்ப்பதற்குள் தழைத்துவிடும் என்று யாரோ கொடுத்த முருங்கைக் கொம்பு கடைசியில் அடுப்பெரிக்கத்தான் உதவியது. கற்றாழைகூட அழுகிப்போனது. கற்றாழையைச் சாகடிக்க ஒருத்திக்கு எவ்வளவு திறமை வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

என் பெயர் ஜான்சி. ஐம்பதை நெருங்குகிறேன். தை பிறந்தால் உப்பளத்துக்குப் போய்விடுவேன். பாத்தி மிதிப்பது, உப்பு வாருவது, கூடையில் சுமந்து மேட்டில் கொட்டுவது, இதுதான் பிழைப்பு. என் வீட்டுக்காரர் அந்தோணிராஜ் உப்பு லாரிக்கு லோடு ஏற்றுகிறவர். வாய் அதிகம் இல்லாத மனுஷன். இரண்டு பேருக்கும் சேர்த்து நானே பேசிவிடுவதால் அவருக்கு அதில் குறை ஒன்றும் இல்லை.

உப்பளத்தில் ஒரு இலை அளவு நிழல் கிடையாது. மேலே அடிக்கிற வெயில் போதாதென்று, கீழே உப்பில் பட்டுத் திரும்பி வருகிற வெயில் வேறு முகத்தில் அறையும். அதற்கு ஈடாகவோ என்னவோ, எங்கள் கொல்லையில் கர்த்தர் நிழலை அள்ளிக் கொட்டியிருக்கிறார். ஒரு பெரிய பூவரசு, ஒரு புன்னை, அந்தப் பக்கம் மீரான் பாய் வீட்டு மாடி. மூன்றும் சேர்ந்து சூரியனை எட்டிப் பார்க்க விடாது. வேலை விட்டு வந்து அங்கே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தால் கண் எரிச்சல் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கும். அந்த நிழலில் பச்சையாக ஏதாவது ஒன்று நின்றால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று எனக்குத் தீராத ஆசை.

எங்கள் பக்கம் கைராசி பார்ப்பார்கள். மீரான் பாய் பெண்சாதி மரியம் பீவி அக்கா கை வைத்தால் குச்சி துளிர்க்கும், அவரைக் கொடி மாடிக்கு ஏறும். தெருவில் யார் வீட்டில் கன்று வைத்தாலும் முதல் பிடி மண் அவள்தான் போடவேண்டும். ஒரு தடவை அவள் வீட்டில் கறிவேப்பிலைக் கன்று வைக்கிறாள் என்று வேடிக்கை பார்க்கப் போனேன். "ஜான்சி, நீ கொஞ்சம் அந்தாண்ட நில்லுடி, தப்பா நெனைச்சுக்காத" என்றாள். நினைக்காமல் இருப்பேனா? வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு வந்தேன். பேச்சுவார்த்தையே கிடையாது என்று வீட்டில் சபதம் வேறு போட்டேன். அன்றைக்கு மத்தியானமே அவள் ஒரு கிண்ணம் இறால் தொக்கு கொடுத்தனுப்பினாள். என் சபதம் அதோடு சரி.

ஆனால் அந்த "அந்தாண்ட நில்லு" உள்ளே குத்திக்கொண்டே இருந்தது. ஒரே ஒரு செடி, என் கையால் வைத்தது, பிழைத்து நிற்பதை அவள் மதில்மேல் எட்டிப் பார்க்கவேண்டும். வேறு எதையும் நான் கேட்கவில்லை.

பஞ்சநாதன் அண்ணன் கிழங்கைக் கொண்டுவந்தது அப்போதுதான். அவர் என் வீட்டுக்காரருக்குச் சிநேகிதர். இரும்பை என்கிற ஊர்ப் பக்கம் காடு வளர்க்கிற இடத்தில் கூலிக்குப் போகிறவர். மண்ணும் வேருமாக, யானைச் சாணி உருண்டை போல ஒன்றைச் சாக்கிலிருந்து எடுத்து வைத்தார்.

"காட்டுக்கருணை தங்கச்சி. முள்ளுப் பொதருக்கு அடியில நெழல்ல தானா வர்றது. திங்க ஆகாது, வாயெல்லாம் அரிச்சுடும். பாக்கறதுக்குத்தான். உங்க கொல்லைக்கு இதான் சரி. ஆனா ஒண்ணு, இது பூ விட்டுதுன்னா..."

"பூ விடும்போது பாத்துக்கலாம்ணே. என் கையில மொதல்ல மொளைக்கட்டும்!"

அவர் மறுபடியும் "இல்ல தங்கச்சி, அது வந்து" என்று ஆரம்பித்தார். நான் டீ போட எழுந்து போய்விட்டேன். அடுத்தவரை ஒரு வாக்கியம் முடிக்க விட்டிருந்தால் என் வாழ்க்கையில் பாதித் தொல்லை வந்திருக்காது.

டீ குடித்துக்கொண்டே கொல்லையைச் சுற்றிப் பார்த்தவர், "உப்பளத்துலேர்ந்து வந்து காலை எங்க கழுவுவீங்க?" என்றார். இங்கேதான் என்று காட்டினேன். கால், கூடை, பலகை எல்லாவற்றையும் அங்கே கழுவித்தான் உள்ளே வருவேன். அந்தத் தண்ணீர் நேராக என் செடிகளுக்குப் போகும். தண்ணீரை வீணாக்காத குடும்பப் பெண் என்று என்னை நானே மெச்சிக்கொண்டது வேறு. அண்ணன் டம்ளரைக் கீழே வைத்தார். இத்தனை வருஷமாக ரோஜாவுக்கு உப்புத் தண்ணீர் ஊற்றி வளர்த்திருக்கிறேன். என் வீட்டுக்காரர் அன்றைக்குச் சிரித்த மாதிரி எங்கள் கல்யாணத்தில்கூடச் சிரித்ததில்லை.

கால் கழுவுகிற இடத்தை வாசலுக்கு மாற்றினேன். பூவரசுக்கு அடியில் கிழங்கைப் புதைத்தேன். ஆனியில் மழை விழுந்ததும் ஒரே ஒரு தண்டு வந்தது. பாம்புத்தோல் மாதிரி புள்ளி புள்ளியாக, மேலே குடை விரித்தாற்போல ஒற்றை இலை. எனக்குத் தலைகால் புரியவில்லை. போகிறவர் வருகிறவரையெல்லாம் இழுத்துக் காட்டினேன். பீவி அக்காவும் மதில்மேல் எட்டிப் பார்த்து, "பரவால்லையே, வந்துடுச்சு போல" என்றாள். அந்த "போல" எனக்குப் பிடிக்கவில்லை.

மார்கழியில் இலை மஞ்சளாகி, தண்டு கவிழ்ந்து, கூழாகி, ஒரு வாரத்தில் இடம் தெரியாமல் போய்விட்டது. பீவி அக்கா எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். தைமாதம் உப்பளத்தில் பாத்தி மிதிக்கிற வேலை தொடங்கியது. பாத்தியில் தண்ணீர் கீழே இறங்காமல் இருக்க, ஈரக் களிமண்ணைக் காலால் மிதித்து மிதித்துச் சிமெண்டுத் தரைபோல் ஆக்கவேண்டும். அந்தப் பழக்கத்தில், வீட்டுக்கு வந்து அந்த வெற்றிடத்தைப் பார்த்த ஆத்திரத்தில், அதையும் தண்ணீர் தெளித்து மிதித்துவிட்டேன். ஓர் உப்புப் பாத்திகூட அவ்வளவு அழகாக அமைந்ததில்லை. அதன்மேல் ஸ்டூலைப் போட்டு கோடை முழுக்க உட்கார்ந்திருந்தேன்.

ஆனி பிறந்து ஒரு சாயங்காலம் ஸ்டூல் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நான் குண்டாகிவிட்டேன் என்றுதான் முதலில் நினைத்தேன். இறங்கிப் பார்த்தால் தரை வெடித்து, ஈட்டி முனைபோல ஒரு முளை ஸ்டூல் காலைத் தள்ளிக்கொண்டு நிற்கிறது! பஞ்சநாதன் அண்ணனுக்குப் போன் போட்டால், "அது சாவலை தங்கச்சி, தூங்குச்சு. வருஷா வருஷம் அப்படித்தான்" என்கிறார். உப்பு வேலை நடக்கிற காலம் முழுக்க அது மண்ணுக்குள் தூங்கும். மழை வந்து எங்கள் பிழைப்பு கெடுகிற நேரத்தில் எழுந்து வரும். கோடை மழையைக் கண்டபடி திட்டுகிற ஊரில், நான் மட்டும் திருட்டுத்தனமாக மேகம் பார்க்க ஆரம்பித்தேன். கூட வேலை செய்கிற சின்னப்பாப்பா கவனித்துவிட்டு, "ஏன்க்கா, மழை வந்தா உனக்கு யாராச்சும் தனியா கூலி தர்றாங்களா?" என்று கேட்டாள்.

இரண்டு வருஷத்தில் தண்டு என் தோள் உயரம் வந்தது. நானும் அதைத் தொந்தரவு செய்வதை விட்டுவிட்டேன்.

இந்த மே மாதம் பீவி அக்கா மகள் ஆஸிஃபாவுக்குக் கல்யாணம் வைத்தார்கள். மாப்பிள்ளைக்கு ஊர் பெரிய முதலியார்சாவடி. மீரான் பாய் சவூதியிலிருந்து லீவில் வந்திருந்தார். தெருவை அடைத்துப் பந்தல். ஞாயிற்றுக்கிழமை நிக்காஹ், சனிக்கிழமை பொழுது சாய்ந்து மஃரிப் தொழுகை முடிந்ததும் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் மருதாணி வைக்க வருகிறார்கள். ஆஸிஃபா நான் தூக்கி வளர்த்த பெண். அதனால் அந்த வாரம் நான் என் வீட்டில் இருந்ததைவிட அவர்கள் வீட்டில் வேலை ஏவிக்கொண்டு இருந்ததுதான் அதிகம்.

அதே வாரம் பூவரசுக்கு அடியில் மண் பிளந்து, குண்டாக, ஈரல் நிறத்தில் ஒன்று தலைகாட்டியது. இந்த வருஷம் தண்டு நல்ல தடிமனாக வருகிறது என்று நினைத்தேன். கோழி கொத்தாமல் இருக்க ஒரு பழைய உப்புக்கூடையைக் கவிழ்த்துவிட்டுக் கல்யாண வேலைக்கு ஓடிவிட்டேன்.

சனிக்கிழமை மத்தியானத்துக்கு மேல் நாற்றம் தொடங்கியது.

சாதாரண நாற்றம் இல்லை. செத்து ஊறிய பெருச்சாளி நாற்றம். பந்தலில் பூ கட்டிக்கொண்டிருந்தவர்கள் முந்தானையால் மூக்கை மூடினார்கள். யார் செய்த வேலை என்று கண்டுபிடிக்கும் பொறுப்பை யாரும் என்னிடம் கொடுக்கவில்லை, நானே எடுத்துக்கொண்டேன். முதலில் சமையல்காரரைப் பிடித்தேன். "ஆட்டுக் கொடலை எங்க கொட்டினீங்க?" பாவம், அவர் இன்னும் ஆட்டையே அறுக்கவில்லை. பிறகு சாக்கடை மூடியைத் திறக்க வைத்தேன். பிறகு எதிர்வீட்டு அறிவழகன் வளர்க்கிற பூனையின் மேல் பழியைப் போட்டு, அவனோடு ஒரு சண்டை. பந்தலுக்கு அடியில் நான்கு காலில் தவழ்ந்து போய் ஜமக்காளத்தைத் தூக்கிப் பார்த்தேன். மீரான் பாயை மாடித் தொட்டிக்கு ஏற்றினேன். ஐம்பது வயதுக்கு மேற்பட்ட மனுஷன், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏணியில் ஏறினார்.

பீவி அக்கா சமையலறை ஓரமாக நின்று அழுதுகொண்டிருந்தாள். "மஃரிப் முடிஞ்சதும் அவங்க வந்துடுவாங்க ஜான்சி. இந்த நாத்தத்துல அந்தப் பொம்பளைங்களை எப்படிடி உக்கார வைப்பேன்? பொண்ணு வீடு நாறுதுன்னு ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாங்களே."

"நான் இருக்கேன்க்கா. எங்க செத்துக் கெடந்தாலும் தோண்டி எடுத்துட்டுத்தான் மறுவேலை" என்று மார்தட்டிவிட்டு, மண்வெட்டி எடுக்க என் வீட்டுக்கு வந்தேன்.

வரவர நாற்றம் கூடியது. கொல்லைக் கதவைத் திறந்ததும் முந்தானையை மூக்கில் அழுத்திக்கொண்டேன். பூவரசுக்கு அடியில் உப்புக்கூடை தரையைவிட்டு எழும்பி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. சுற்றிலும் ஈ. கூடையைத் தூக்கினேன்.

பூ.

தவலை வாய் அகலத்துக்குக் கொசுவம் கொசுவமாக விரிந்த ஒற்றை இதழ். ஓரம் கருஞ்சிவப்பு, உள்ளே வெளிறிய மஞ்சள். நடுவில், ஆட்டு மூளையைப் பெரிதாக்கி வைத்ததுபோல, சுருக்கம் சுருக்கமாக ஒரு கருஞ்சிவப்பு உருண்டை. இப்படி ஓர் அசிங்கத்தையும் நான் பார்த்ததில்லை, இப்படி ஓர் அழகையும் பார்த்ததில்லை. முழங்கால் போட்டு உட்கார்ந்துவிட்டேன். அடி பாவி ஜான்சி, உன் கையில் பூத்திருக்கிறதே! கொஞ்ச நேரத்துக்கு நாற்றமே எனக்குத் தெரியவில்லை. ஊர் முழுக்கத் தேடின பெருச்சாளி இதுதான் என்பது அதற்குப் பிறகுதான் மண்டையில் ஏறியது.

அந்தோணிராஜ் பின்னால் வந்து மூக்கைப் பொத்திக்கொண்டு, "யேசப்பா, இதுவா?" என்றார்.

"வெளிய மூச்சு விட்டீங்க, தெரியும்."

பஞ்சநாதன் அண்ணனுக்குப் போன் போட்டேன். "பூ விட்டுடுச்சா? அதைத்தான் தங்கச்சி அன்னிக்கே சொல்ல வந்தேன். செத்த நாத்தம் அடிக்கும். ஈயைக் கூப்புடுறதுக்காக. ரெண்டு நாள்ல அடங்கிடும்."

"ரெண்டு நாள் இல்லண்ணே, கால் மணி நேரம்கூட இல்ல. வெட்டிட்டா கெழங்கு செத்துடுமா?"

"பூவை மட்டும் வெட்டினா சாவாது. ஆனா அந்த வெட்டுன வாய்மேல..."

பள்ளிவாசலில் மஃரிப் பாங்கு ஒலித்தது. போனை வைத்துவிட்டேன். ஆமாம், மறுபடியும்தான்.

அண்டாவைக் கவிழ்த்துப் பார்த்தேன். ஈரச்சாக்கைப் போர்த்திப் பார்த்தேன். நாற்றம் எல்லாவற்றையும் மதிக்காமல் மதிலேறிக் குதித்துக்கொண்டிருந்தது. அரிவாளை எடுத்தேன். இத்தனை வருஷத்தில் என் கை வைத்து, தூங்கி, எழுந்து, தோளுக்கு வளர்ந்து, பூத்த ஒரே உயிர். அடித்தண்டில் ஒரே வெட்டு. அழுதேன். நாற்றத்தில் கண்ணீர் வருகிறது என்று நினைத்துக்கொண்டு என் வீட்டுக்காரர் துண்டை நீட்டினார். பூவைச் சாக்கில் கட்டி வண்டியில் வைத்து, கழுவெளி ஏரிப் பக்கம் எறிந்துவிட்டு வரச்சொல்லி அவரை அனுப்பினேன்.

வெட்டின இடத்திலிருந்து இன்னமும் வீச்சம் வந்தது. உப்பளத்தில் நாயோ மீனோ செத்துக் கிடந்தால் நாங்கள் வேறு எதுவும் தேடமாட்டோம். ஒரு கூடை உப்பை அதன் தலையில் கொட்டுவோம், வீச்சம் அடங்கிவிடும். வீட்டில் உப்புக்குப் பஞ்சமா? மூட்டையை இழுத்துவந்து மொத்தத்தையும் அந்த இடத்தில் கவிழ்த்தேன். மூளை எழுந்து உட்காருவதற்குள் கை வேலையை முடித்துவிட்டது. நாற்றம் நின்றது.

"பெருச்சாளிக்கா. எங்க கொல்லையிலதான். எடுத்துப் போட்டாச்சு" என்று போய்ச் சொன்னேன். பீவி அக்கா என்னைக் கட்டிப்பிடித்தாள். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் இறங்கும்போது பந்தலில் மல்லிகையும் சாம்பிராணியும்தான் மணத்தன. வந்த சம்பந்தி அம்மாவிடமே, "இவ இல்லன்னா இன்னிக்கு எங்க மானம் போயிருக்கும்" என்று என்னைக் காட்டினாள். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை நிக்காஹ் முடிந்ததும் முதல் தட்டு பிரியாணி எனக்கு வந்தது. பெருச்சாளி எடுத்ததற்கு மரியாதை. சாப்பிட்டேன், ருசியாகத்தான் இருந்தது, அதிலென்ன பொய். சாயங்காலம் பெண்ணை அனுப்புகிற நேரம். ஆஸிஃபா காரில் ஏறுவதற்கு முன் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"ஆன்ட்டி, உங்க கை ராசியான கை. நீங்க கை வெச்சதும் அந்த நாத்தமே போயிடுச்சே!"

அவ்வளவுதான். வாய்விட்டு, தெருவே கேட்கிற மாதிரி அழுதேன். இருபத்தைந்து வருஷமாக யாராவது சொல்லமாட்டார்களா என்று ஏங்கின வார்த்தை. எதற்காகச் சொல்கிறாள் பாருங்கள். பெண் போகிறதென்று அழுகிறாள் என நினைத்து எல்லாரும் என்னைத் தேற்றினார்கள். பீவி அக்காவும் என் தோளில் சாய்ந்து அழுதாள்.

அப்போது வடக்கே இடி இடித்தது. பந்தலில் இருந்த உப்பளத்து ஆட்கள் எல்லாரும் ஒரே சமயத்தில் மேலே பார்த்தார்கள். சின்னப்பாப்பா கையைக்கூடக் கழுவாமல், மேட்டில் கிடக்கிற உப்பைத் தார்ப்பாய் போட்டு மூட ஓடினாள். நானும் உப்பளத்து மேட்டைத்தான் நினைத்தேன். அடுத்த நொடி, என் கொல்லையில் இருக்கிற மேடு ஞாபகம் வந்தது. மழை விழுந்தால் அவ்வளவு உப்பும் கரைந்து, வெட்டின வாய் வழியாக நேரே கிழங்குக்குள் இறங்கும். என் கையாலேயே புதைத்து வைத்திருக்கிறேன்! கல்யாணப்பெண்ணின் கையை உதறிவிட்டு ஓடினேன்.

பட்டுப்புடவையோடு குந்தி, உப்பை வாரி வாரிக் கூடையில் போட்டேன். கார் கிளம்புகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் பீவி அக்கா கொல்லை வாசலில் வந்து நின்றாள்.

"ஏன்டி, பொண்ணு வண்டியேறுற நேரத்துல நீ பாட்டுக்கு ஓடியாந்துட்ட? என்னா பண்ற?"

"பெருச்சாளி இல்லக்கா. என் காட்டுக்கருணை பூத்துச்சு. அந்தப் பூதான் நாறுச்சு. வெட்டிட்டேன்."

அவள் உப்புக் குவியலையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். "நாறுற பூவுக்கா இப்படி அழுவுற?"

"நான் வெச்சதுல பூத்தது அது ஒண்ணுதான்க்கா."

முதல் தூறல் பூவரசு இலைமேல் விழுந்தது. பீவி அக்கா கல்யாணத்துக்குக் கட்டின புடவையை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு என் எதிரே குந்தினாள். இரண்டு கையாலும் உப்பை வாரத் தொடங்கினாள். வாரிக்கொண்டே, கோபமாக, "வாய் கிழியப் பேசுவியே, இதை ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? சொல்லியிருந்தா ஒரு நாள் எல்லாரும் மூக்கைப் பொத்திக்கிட்டு இருந்துட்டுப் போறோம்" என்றாள்.

நான் இன்னொரு கூடையை இழுத்து இரண்டு பேருக்கும் நடுவில் வைத்தேன்.

மழை வலுப்பதற்குள் முக்கால்வாசி உப்பை வாரிவிட்டோம். மிச்சம் கரைந்து இறங்கியது. இப்போது ஆடி பிறந்துவிட்டது. மண்ணைத் தோண்டிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. தினமும் காலையில் துணி உலர்த்த வருகிற பீவி அக்கா மதில்மேல் எட்டி, "மொளைச்சுதாடி?" என்று கேட்கிறாள்.

"இன்னும் இல்லக்கா" என்கிறேன்.

"வரும், வரும்" என்று சொல்லிவிட்டு, அவளும் கொஞ்ச நேரம் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.